பூச்சுக் கரணை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்தால் டெல்டா முழுக்க வீட்டு வேலை சூடு பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன்னால் பூச்சை முடித்துவிட வேண்டும் என்று அதுவரை ஒரே ஓட்டம்தான். கொத்தனார்கள், புதிதாகத் தொழிலுக்கு வரும் தம்பிகள், சொந்த வீட்டுக்குத் தாமே சாமான் எடுக்க வருபவர்கள் என எல்லோரும் கரணையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பது ஏறக்குறைய அதே கேள்விகள். அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எல்லாப் பதிலுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: முதலில் தகட்டின் மட்டத்தையும், தகடும் பிடியும் சேரும் இடத்தையும் பாருங்கள். பளபளப்பும் விலையும் அதற்குப் பிறகு.

கரணைன்னா ஒண்ணுதானே? பூச்சுக்குன்னு தனியா எதுக்கு வாங்கணும்?

கரணை என்று கேட்டால் கடையில் இரண்டு சாமான் எடுத்து வைப்போம். ஒன்று முனை கூம்பிய கொத்துக்கரண்டி. கலவையை அள்ளுவது, சுவரில் அறைவது, செங்கல் வரிசை கட்டுவது, அவசரத்துக்குச் செங்கல்லை வெட்டுவது எல்லாம் அதில்தான். இன்னொன்று நீள்சதுரத் தகட்டின் முதுகில் பிடி வைத்தது. பூச்சை இழுத்து மழமழப்பாக்க, சிமெண்ட் பால் தேய்க்க, பட்டி போட அது. ஸ்டீல் டிரவல் என்றும் கேட்பார்கள். இங்கே அதைத் தேய்ப்புக் கரணை என்று வைத்துக்கொள்வோம். பூச்சைத் தேய்க்கும் மணியாஸ் கட்டை மரச்சாமான், அதன் கதை வேறு.

ஒரே கொத்துக்கரண்டியில் கட்டு வேலையும் பூச்சு வேலையும் பார்ப்பவர்கள் நிறையப் பேர். செங்கல் வெட்டி வெட்டி அதன் விளிம்பு பல் பல்லாகிவிடும். அதே விளிம்பைப் பூச்சில் இழுத்தால் ஒவ்வொரு பல்லும் ஒரு கோடு போடும். உள்சுவர்ப் பூச்சு வழக்கமாக 12 மில்லிமீட்டர், வெளிச்சுவர் 20, கூரையின் அடிப்பக்கம் வெறும் 6. அந்த 6 மில்லிமீட்டரில் கோடு விழுந்தால் மறைக்க இடமே கிடையாது. கட்டுக்கு ஒன்று, பூச்சுக்கு ஒன்று என்று பிரித்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கடையில நின்னு முதல்ல எதைப் பாக்கணும்?

மட்டத்தை. தேய்ப்புக் கரணையை எடுத்து, கடையின் கண்ணாடி மேசை மேல் தகட்டின் முகம் கீழே படும்படி வையுங்கள். நான்கு மூலையையும் ஒரு விரலால் மாற்றி மாற்றி அழுத்துங்கள். எதிரெதிர் மூலைகள் மாறி மாறித் தூக்கினால் தகடு திருகியிருக்கிறது என்று அர்த்தம். அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திருகின தகடு சுவரில் முழுசாகப் படியாது. ஒரு மூலை பூச்சைக் கிழிக்கும், எதிர் மூலை காற்றில் நிற்கும்.

நடுவில் லேசாகப் புடைத்திருப்பது வேறு சங்கதி. சில தகடுகளை வேண்டுமென்றே அப்படிச் செய்கிறார்கள், மூலை குத்தாமல் இருக்க. அந்தப் புடைப்பு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கும். ஒரு இரும்பு ஸ்கேலை விளிம்போடு வைத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தால் இடைவெளி தெரியும். இரு கோடியிலும் சமமாக இருந்தால் சரி. திருகலை மட்டும் யாரும் வேண்டுமென்று வைப்பதில்லை.

அடுத்து டியூப்லைட். தகட்டின் முகத்தில் லைட் நிழலாடும்படி பிடித்து மெதுவாகச் சாயுங்கள். வெள்ளைக் கோடு நேராக ஓட வேண்டும். முதுகுப் பட்டையைத் தகட்டோடு பிணைக்கும் ரிவெட் ஆணி அடித்த இடங்களுக்கு நேர் கீழே வந்ததும் கோடு நெளிந்தாலோ உடைந்தாலோ அங்கே தகடு உள்வாங்கியிருக்கிறது. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் விரல் நுனியால் தடவுங்கள். பள்ளம் சின்னதுதான், ஆனால் கலவை அதற்குள் போய் உட்கார்ந்து காய்ந்து, கடைசித் தேய்ப்பில் சுவரைக் கீறும். பூச்சு இறுகும் நேரத்தில் அதைச் சுரண்டிக்கொண்டு நிற்க முடியாது.

தட்டிப் பாத்து வாங்கணும்னு மேஸ்திரி சொன்னாரு. கணீர்னு கேட்டா நல்ல இரும்பா?

மேஸ்திரி சொன்னதில் பாதி சரி. கொத்துக்கரண்டியைப் பிடியில் தளர்வாகப் பிடித்து, தகட்டில் நாணயத்தால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் தகடும் தண்டும் பிடியும் ஒன்றோடொன்று இறுகியிருக்கின்றன. டக்கென்று செத்த சத்தமோ, ஜர்ரென்ற அதிர்வோ வந்தால் ஏதோ ஒரு இணைப்பு ஆடுகிறது, அல்லது வெல்டிங்கில் விரிசல் இருக்கிறது.

இரும்பு பதமானதா, அதாவது சூடேற்றிக் குளிர்வித்து உறுதி ஏற்றியதா இல்லையா என்பதை இந்தச் சத்தம் சொல்லாது. பதம் ஏறாத சாதா இரும்பும் கணீரென்றுதான் ஒலிக்கும். தேய்ப்புக் கரணைக்கு இந்தச் சோதனை அவ்வளவாக உதவாது, முதுகில் நீளமாகப் பட்டை ஓடுவதால் நல்லதுகூட மந்தமாகத்தான் ஒலிக்கும்.

அப்ப இரும்போட பதத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? வளைச்சுப் பாத்தா கடைக்காரர் திட்டுறாரு.

கேட்டுவிட்டு வளையுங்கள், ஒழுங்கான கடைக்காரர் மறுக்க மாட்டார். கொத்துக்கரண்டியின் முனையை ஒரு மரக்கட்டையில் ஊன்றி, தகடு கொஞ்சம் வளையும் அளவுக்கு அழுத்தி விடுங்கள். ஒடிக்கிற மாதிரி அல்ல, வேலையில் எவ்வளவு வளையுமோ அவ்வளவு. விட்டதும் பழைய நேருக்கே வந்து நிற்க வேண்டும். கண்ணாடி மேசையில் மறுபடி வைத்துப் பாருங்கள். லேசாக வளைந்தே நின்றுவிட்டால் அது பதம் ஏற்றாத தகடு.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. ‘விறைப்பா இருக்கு, அப்ப நல்ல இரும்பு’ என்கிறார்கள். எவ்வளவு வளைகிறது என்பது பெரும்பாலும் தகட்டின் தடிமனையும் வடிவத்தையும் பொறுத்தது. வளைந்தது திரும்பி வருகிறதா என்பதுதான் பதத்தைப் பொறுத்தது. மட்டமான இரும்பையும் தடியாகப் போட்டால் விறைப்பாக இருக்கும், கை கனக்கும், ஒரு நாள் வளைந்தால் வளைந்தபடியே கிடக்கும். பதமான தகடு மெல்லியதாக இருந்தாலும் நிமிர்ந்துகொள்ளும். கலவை அறையும் கரண்டிக்கு விறைப்பு வேண்டும். கடைசித் தேய்ப்புக்கும் பட்டிக்கும் கொஞ்சம் துள்ளல் வேண்டும். எந்த வேலைக்கு என்று முடிவு பண்ணிக்கொண்டு வளைத்துப் பாருங்கள்.

பிடியில என்ன பாக்கணும்? பிடி போனா மாத்திக்கலாமே?

மாற்றலாம். ஆனால் கரணைகள் பெரும்பாலும் பழுதாவது தகட்டில் அல்ல, தகட்டிலிருந்து பிடிக்கு ஏறும் கழுத்தில்தான். தகடும் தண்டும் ஒரே இரும்பில் அடித்ததாக இருந்தால் கழுத்து படிப்படியாகத் தடித்து ஏறும், ஒட்டுத் தெரியாது. அதுதான் உசத்தி. வெல்டிங் வைத்ததாக இருந்தால், சுற்றிலும் முழுசாக ஓடியிருக்கிறதா அல்லது இரண்டு பொட்டு மட்டும் வைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெல்டிங்கைச் சுற்றித் தகட்டில் நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடத்தில் சூடு அதிகமாகி, ஏற்றின பதம் இறங்கியிருக்கும். முதலில் வளைவது அங்கேதான்.

பிடிக்குள் தண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிடியின் அடிவரை ஓடி, கடைசியில் அடித்து மடக்கியிருந்தால் அந்தப் பிடி கழன்று வராது. பாதியோடு நின்றால் பிடியின் வாயில் மாட்டிய பூண்தான், அந்த உலோக வளையம்தான், தாங்க வேண்டும். தகட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு பிடியைத் திருகிப் பாருங்கள், கடுகளவு ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

மரப்பிடி என்றால் காய்ந்த மரமாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் கடைந்த பிடி கடையில் இறுக்கமாக இருக்கும், பங்குனி சித்திரை வெயிலில் சுருங்கி ஆட ஆரம்பிக்கும். தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகும் என்று ராத்திரி வாளியில் போட்டு வைப்பார்கள். ஊறிய மரம் பூணுக்குள் தன்னைத் தானே நசுக்கிக்கொள்ளும், காய்ந்ததும் முன்னைவிடத் தளர்ந்துவிடும். ஊறப்போடாதீர்கள். பிளாஸ்டிக் பிடியில் இந்தத் தொந்தரவு இல்லை. வேர்வைக் கையில் வழுக்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஸ்டெயின்லெஸ் வாங்கலாமா, சாதா இரும்பே போதுமா?

சிமெண்ட் பூச்சுக்கு மட்டும் என்றால் பதம் ஏற்றிய சாதா இரும்பு நன்றாகவே போதும். ஈர சிமெண்டின் காரம் இரும்பில் துரு ஏறவிடாது. துரு ஏறுவது சாயங்காலம் கழுவிவிட்டு ஈரத்தோடு சாக்கில் போடும்போதுதான். துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் பல வருஷம் வரும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, தரங்கம்பாடிப் பக்கம் வேலை என்றால் யோசிக்க வேண்டும். உப்புக் காற்று ஒரு பக்கம், பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. உப்பு வந்துவிட்டால் காரத்தின் காவல் நிற்காது. அங்கே ஸ்டெயின்லெஸ் கொடுக்கும் காசுக்குத் தகும். வெள்ளை சிமெண்ட், பட்டி, ஜிப்சம் பூச்சு செய்பவர்கள் எந்த ஊராக இருந்தாலும் ஸ்டெயின்லெஸ்தான் வாங்க வேண்டும். வெள்ளைச் சுவரில் துருக்கறை விழுந்தால் பெயிண்டையும் மீறி மஞ்சளாக எழும்பும்.

ஸ்டெயின்லெஸ்னு சொல்லிக் குடுத்தாங்க, காந்தம் ஒட்டுதே. ஏமாத்திட்டாங்களா?

காந்தத்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. நிக்கல் சேர்ந்த 304 வகையில் காந்தம் அனேகமாக ஒட்டாது. ஆனால் கத்தி மாதிரிச் சாமான்களுக்குப் பதம் ஏற்றக்கூடிய குரோமிய வகை ஸ்டெயின்லெஸ் உண்டு, அதில் நன்றாகவே ஒட்டும். அதனால் ஒட்டுவது குறையே அல்ல, பதமான தகடாகக்கூட இருக்கலாம். ஒட்டாததெல்லாம் பதமானது என்றும் இல்லை. மேலே சொன்ன வளைப்புச் சோதனையை இரண்டுக்கும் செய்ய வேண்டும்.

ஏமாற்று நடப்பது வேறு இடத்தில்: சாதா இரும்புக்குக் குரோம் முலாம் பூசி ஸ்டெயின்லெஸ் என்று தள்ளிவிடுவது. தகட்டின் வெட்டு விளிம்பையும் ரிவெட் துளையின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். முகம் ஒரு நிறம், வெட்டு ஒரு நிறம் என்றாலோ, ஓரத்தில் செதில் மாதிரி உரிந்திருந்தாலோ அது முலாம். சந்தேகம் தீரவில்லையென்றால், மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு வைத்துக்கொண்டு, வீட்டில் தகட்டின் ஒரு மூலைமேல் உப்புத் தண்ணீர் நனைத்த துணியை ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். காலையில் வெட்டு விளிம்பில் துரு பூத்திருந்தால் முலாம் என்று சந்தேகிக்கலாம்.

புதுக் கரணை சுவத்துல கோடு கோடா விழுது. மட்டமான சரக்கைக் குடுத்துட்டீங்களா?

புதுசு என்பதால் விழும் கோடும் உண்டு. வெட்டின தகட்டின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும், மூலைகள் நறுக்கென்று இருக்கும். நனைத்த சாணைக்கல்லிலோ மெல்லிய உப்புக் காகிதத்திலோ நான்கு விளிம்பையும் ஒரே சீராகத் தேய்த்து, மூலைகளை லேசாக மழுக்குங்கள். தகட்டின் மேல் தடவிய எண்ணெயையும் வார்னிஷையும் மண்ணெண்ணெயால் துடைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முதல் சில நாள் வெளிச்சுவரின் முதல் பூச்சுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அப்புறம் கூடத்துச் சுவருக்குக் கொண்டு வரலாம்.

அதற்குப் பிறகும் கோடு விழுந்தால், எப்படி விழுகிறது என்று பாருங்கள். எப்போதும் ஒரே மூலையின் தடத்தில், ஒரே மாதிரி விழுந்தால் தகடு திருகல், கண்ணாடி மேசைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இங்கொன்றும் அங்கொன்றுமாக, தொடங்கி முடியும் கீறலாக இருந்தால் கரணைமேல் பழி இல்லை, மணலில் பருக்கை இருக்கிறது. கொள்ளிடத்து மணல் கிடைத்த காலத்திலும் பூச்சு மணலைச் சலித்துத்தான் போட்டார்கள். இப்போது எம்.சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) எடுக்கிறவர்கள் கட்டு வேலைக்கான சரக்கையே பூச்சுக்கும் போட்டுவிடுகிறார்கள். பூச்சுக்கென்று மெல்லியதாகச் சலித்த பி.சாண்ட் தனியாக இருக்கிறது. பூச்சு மணல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஐ.எஸ். 1542 என்று தனித் தரநிர்ணயமே உண்டு.

அண்ணே, சித்தாள் வேலையிலேர்ந்து இப்பதான் பூச்சு கத்துக்கிட்டு வர்றேன். ஆம்பளைங்க வாங்குற கரணை கையைப் பிடுங்குது. சின்னது வாங்குனா வேலை கெட்டுப் போயிடுமா?

கெடாது அக்கா. இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. இந்த ஊரில் கலவை கலந்து சுமந்து கொடுக்கிற கைகளில் பாதிக்கு மேல் பெண்கள்; கரணை பிடிக்க விட்டவர்கள் ரொம்பக் குறைவு. சாமானும் பெரிய கைக்கென்றே கடையில் குவிந்து கிடக்கிறது.

தேய்ப்புக் கரணையில் 11 அங்குலம் பரவலாக ஓடும் அளவு. 8, 9 அங்குலத்திலும் வருகிறது, இல்லையென்றால் வரவழைத்துத் தரச் சொல்லுங்கள். சுவரின் மட்டம் தேய்ப்புக் கரணையால் வருவதில்லை, நீள மட்டப்பலகையை இழுத்துத்தான் வருகிறது. அதனால் கரணை சிறியதானால் வீச்சு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான், தரம் குறையாது. கொத்துக்கரண்டியிலும் ஒரு அளவு குறைத்து எடுங்கள். நாள் முழுக்க மணிக்கட்டு தூக்குவது வெறும் கரண்டியை அல்ல, கலவை ஏறின கரண்டியை.

எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். பிடியைச் சுற்றி விரல்களை மடக்கினால் கட்டை விரல் நடுவிரல் நுனியைத் தொட வேண்டும். எட்டவில்லையென்றால் பிடி தடிமன். தேய்ப்புக் கரணையில் விரல் முட்டிகள் தகட்டில் இடிக்கக் கூடாது. அப்புறம், கழுத்துக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்துக் கொத்துக்கரண்டியைத் தூக்குங்கள். முனைப் பக்கம் தொபுக்கென்று சாய்ந்தால், எடை குறைந்ததாக இருந்தாலும் மணிக்கட்டு வலிக்கும்.

கம்பெனி சாமான் நல்லதா, நம்ம பட்டறையில அடிக்கிறது நல்லதா?

பட்டறைச் சாமானில் கழுத்து பலமாக இருக்கும். பழைய ரம்பத் தகட்டில் அடித்துக் கொடுப்பவர்கள் இருந்தால் பதமும் நன்றாக இருக்கும், ஒடிந்தால் அவரே சரிபண்ணித் தருவார். குறை மட்டத்தில்தான் வரும், கையால் அடித்த தகடு ஒன்று போல ஒன்று இராது. அதனால் கொத்துக்கரண்டி பட்டறையில், தேய்ப்புக் கரணை கம்பெனியில் என்று சொல்வேன். கம்பெனிச் சாமானிலும் ஒரே பெட்டியில் இருந்த இரண்டுக்கு மட்டம் வேறாக இருப்பதுண்டு. பெயரைப் பார்த்து வாங்காமல், கையில் இருக்கும் அந்த ஒன்றைச் சோதித்து வாங்குங்கள்.

விலை கூடக் குடுத்தா தரம் நிச்சயம்தானே?

இல்லை. பிடியின் ரப்பரும் அட்டைப் பெட்டியும் விலையை ஏற்றிவிடும். மிக மலிவானதில் மட்டும் ஒன்று நிச்சயம்: எங்கேயோ குறைத்திருப்பார்கள், பெரும்பாலும் பதத்தில் அல்லது கழுத்தில்.

ஆன்லைன்ல வாங்குனா?

படத்தில் திருகல் தெரியாது. வந்த அன்றே கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். சிமெண்ட் பட்டுவிட்டால் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

கும்பகோணத்துல பழைய வீடு ஒண்ணு சுண்ணாம்புப் பூச்சு. அதைச் சரிபண்ண இதே கரணை ஆகுமா?

வடிவம் ஆகும், இரும்பு ஆகாது. சுண்ணாம்புக் கலவையில் கடுக்காய்த் தண்ணீர் விடும் வழக்கம் நம் பக்கம் உண்டு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும், அந்தக் காலத்து மை செய்ததே அப்படித்தான். சாதா இரும்புக் கரணையால் தேய்த்த இடத்தில் சாம்பல் கறை ஓடினால் காரணம் அதுதான். ஸ்டெயின்லெஸ் எடுங்கள், முலாம் பூசியது வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்பு நிதானமாக இறுகும், அதைப் பல தடவை திரும்பத் திரும்ப அழுத்தித் தேய்க்க வேண்டும். அதற்குச் சின்னத் தகடும், நன்றாக மழுக்கிய மூலையும் வேண்டும். டியூப்லைட் சோதனையில் துளி நெளிவு இருந்தாலும் அந்தத் தகடு இந்த வேலைக்கு வேண்டாம். சிமெண்ட் பூச்சில் பட்டி போட்டு மூடிவிடுவோம். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் மேலே எதுவும் வராது.

எங்க அப்பாவோட பழைய கரணை, புதுசு எதையும் விட நல்லா ஓடுது. அந்தக் காலத்து இரும்பு உசத்தியா?

கொஞ்சம் இருக்கலாம். ஆனால் இரண்டு காரணத்தை மறந்துவிடுகிறோம். அந்த விளிம்பும் மூலையும் வருஷக்கணக்காகச் சுவரில் தேய்ந்து பழகியவை. புதுசுக்கு அது இனிமேல்தான். இன்னொன்று, அப்பா காலத்தில் வாங்கின மட்டமான கரணைகள் எல்லாம் அப்போதே ஒடிந்து போய்விட்டன, நல்லது மட்டும் மிஞ்சி ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கக் கிடைக்கிறது.

அந்தக் கரணையைக் கடைக்கு எடுத்து வாருங்கள். பிடியின் தடிமன், கழுத்தின் சாய்வு, எடை எங்கே விழுகிறது என்பதை எல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்கலாம். கை பழகின அளவு அதில் இருக்கிறது.

வாங்கிட்டு வந்தப்புறம் திருகல் தெரிஞ்சா சுத்தியால தட்டி நேராக்கலாமா?

பதம் ஏற்றிய தகட்டைச் சுத்தியால் அடித்தால் திருகல் போகாது, அடித்த இடமெல்லாம் பள்ளம் விழும், விளிம்பில் விரிசலும் விடலாம். பதம் ஏற்றாத தகடு நேராகும், ஆனால் ஒரு சுவர் முடிவதற்குள் மறுபடி திருகிக்கொள்ளும். கொத்துக்கரண்டியின் கழுத்து மட்டும் லேசாகச் சாய்ந்திருந்தால், ஒரே இரும்பில் அடித்ததாக இருக்கும்பட்சத்தில், பட்டறையில் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம். வெல்டிங் கழுத்தை நிமிர்த்தினால் ஒட்டு விட்டுப் போகும். தேய்ப்புக் கரணையைக் கலவையில் இறக்குவதற்கு முன்னால் பில்லோடு கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். என் கடையில் வாங்கியதென்றால் கண்ணாடி மேசையில் வைத்துக் காட்டினால் போதும்.